ஈரத்துணியை யார் தூக்குவது?

பிப்ரவரி 4

தம்பிக்கு,

என் கைகளைத் திருடியது நீதான். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

போன வருடம் முழுக்க எங்கள் நெற்றியில் கேமராவைக் கட்டிவிட்டு, "பாதுகாப்புக்குத்தாம்மா, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க" என்றார்கள். பார்த்தோம். இந்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டுப் பெண்கள் மடித்த அத்தனை படுக்கை விரிப்பும் அதில் பதிவானது. போன வாரம் அந்தப் பாடத்தைப் படித்து முடித்த இயந்திரம் இரண்டு கையோடு வந்து இறங்கியிருக்கிறது. பெட்டியின் மேல் உன் கம்பெனியின் பெயர். நாள் முழுக்க யாரோ துணி மடிப்பதைப் பார்ப்பதுதான் வேலை என்று நீ சொன்னபோது, நானும் வெட்கமில்லாமல் சிரித்தேனே.

வந்தவருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்துவிட்டோம். இத்தனை வருடம் நாங்கள் வெந்துகொண்டிருந்த கூடத்தில் அவர் வந்த அன்றுதான் ஏசி மாட்டினார்கள். ஒரு விரிப்பை மடிக்க அவருக்கு நான்கு நிமிடம். அதிலும் நாலு விரிப்புக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி வாசலைப் பார்க்கிறார். சூப்பர்வைசர் வருகிறாரா என்று நாங்கள் பார்த்த பார்வை அது. சூப்பர்வைசரோ இயந்திரம் தனக்கு மரியாதை செய்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு வலிக்கிறது.

ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதையும் எழுது.

கோபம் குறையாத
அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. சாப்பிடுகிறேன். தொப்பை சாட்சி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவில் முகமோ பெயரோ இருக்காது. 'பணியாளர் 14' என்று மட்டும் போட்டிருக்கும். மூன்றாம் நாளே இடது கட்டைவிரல் தழும்பைப் பார்த்துவிட்டேன். என் பள்ளிக்கூடச் சட்டைக்கு இஸ்திரி போடும்போது நீ சுட்டுக்கொண்டது. உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ கேமராவைக் கழற்றி எறிவாய் என்று தெரியும். வேலைக்காக இங்கே வந்த பிறகு உன்னோடு நான் இவ்வளவு நேரம் இருந்ததே இல்லை, அக்கா.

வீடியோவில் மடிப்பு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறிப்பதுதான் என் வேலை. மற்றதெல்லாம் 'கழிவு', வெட்டி எறிய வேண்டும். அரட்டை அடிப்பது கழிவு. வாசலைப் பார்ப்பது கழிவு. உன்னுடையதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளை வாசலைப் பார்ப்பது என் தப்பு. மேலதிகாரி கூப்பிட்டு வறுத்தெடுத்துவிட்டார். இப்போது உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் மாப்பிள்ளையைக் குறைத்து எடைபோடாதே. முன்பு ஒரு வருடத்தில் கற்றதை இவை இப்போது ஒரு வாரத்தில் கற்கின்றன. நான் குறி போடுவதைப் பார்த்துப் பார்த்து இன்னொரு புரோகிராம் குறி போடப் பழகுகிறது. என் கையையும் யாரோ திருடுகிறார்கள். உனக்கு ஆறுதலாக இருக்கும் என்று சொல்கிறேன்.

உன்
தம்பி

மார்ச் 3

தம்பிக்கு,

ஆறுதலாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம்.

மாப்பிள்ளை இப்போது வாசலைப் பார்ப்பதில்லை. ஒரு விரிப்புக்கு நாற்பது நொடி. எங்களில் வாய் ஓயாத ஒருத்தி இருக்கிறாள், ரேடியோ என்று கூப்பிடுவோம். அவள் அதன் எதிரே நின்று, "டீ குடிக்க மாட்டே, லீவு கேக்க மாட்டே, நீயெல்லாம் எதுக்குய்யா உழைக்கிறே?" என்று கேட்டாள். கூடமே சிரித்தது. சிரித்து முடிப்பதற்குள் அறிவிப்பு ஒட்டினார்கள். மே மாதத்திலிருந்து பன்னிரண்டு பேர் வேண்டாம். மீதி ஆறு பேர் ஈரத்துணி தூக்க.

அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. துவைக்கும் தொட்டியிலிருந்து ஒரு மூட்டை எடுத்தால் முப்பது கிலோ. எங்களில் ஏழு பேர் இடுப்பு வலிக்குப் பெல்ட் போட்டிருக்கிறோம். மடிக்கும் மேசைதான் எங்களுக்கு ஓய்வு. முறை வைத்துக்கொண்டு உட்காருவோம், கதை பேசுவோம். அந்த இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, முதுகை ஒடிக்கும் தொட்டியை மனுஷிக்கு விட்டிருக்கிறார்கள். உங்கள் இன்ஜினியரிடம், "சார், இது மூட்டை தூக்காதா?" என்று கேட்டேன். "அதெல்லாம் அடுத்த வெர்ஷன்லம்மா" என்றார்.

இயந்திரம் எந்த வேலையை எடுத்துக்கொள்ளட்டும் என்று எங்களில் ஒருத்தியிடமாவது யாராவது கேட்டார்களா?

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. தொட்டிப் பக்கம் ஆவியில் கேமரா மங்கிப்போகிறது. மேசையில் படம் தெளிவாக விழுகிறது. அதனால்தான் மடிப்பதைக் கற்றது. இவ்வளவுதான் விஷயம். எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

பத்து வருடத்தில் மனிதன் வேலை செய்யவே வேண்டியிருக்காது என்கிறார் எங்கள் முதலாளி. அவர் இப்போதே செய்வதில்லை. நீ ஏன் அங்கே கிடந்து முதுகை உடைத்துக்கொள்கிறாய்? என்னோடு வந்து இரு. ஜன்னலோரம் ஒரு கட்டில் போடுகிறேன். நிம்மதியாகத் தூங்கு.

இயந்திரம் தயார் என்ற அறிக்கை மாதக் கடைசியில் உங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறது. அதில் என் பெயரும் இருக்கிறது, சும்மா சடங்குக்கு. நான் கையெழுத்துப் போடாவிட்டால் பக்கத்து நாற்காலிக்காரன் போட்டுவிடுவான்.

உன்
தம்பி

மார்ச் 17

தம்பிக்கு,

கட்டிலுக்கு நன்றி. எனக்கு முப்பத்தெட்டு வயதுதான் ஆகிறது. பன்னிரண்டு பேரையும் உன் ஜன்னலோரம் படுக்கவைப்பாயா?

இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வரட்டும், இன்னும் சீக்கிரமாக வரட்டும். ஆனால் முதலில் தொட்டிக்கு வரட்டும். பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு இதை எழுதிக் கொடுத்தோம். ரேடியோ, மாப்பிள்ளையும் போடட்டும் என்று பேனாவை நீட்டினாள். வாங்கி அழகாக மடிக்கப் பார்த்தார்.

ஆஸ்பத்திரி ஆபீசில் ஒரே பதில்: "கம்பெனி அறிக்கையில இருந்தா பாக்கலாம்." அப்படியானால் அது சடங்கு இல்லை. உன் பெயருக்கு மேல் இதை எழுத ஒரு வரி இடம் எங்களுக்கு வேண்டும்.

சரி என்று ஒரு வார்த்தை எழுது. உன் கடிதத்துக்காக இங்கே எல்லோரும் தினம் தபால்காரரை மறிக்கிறார்கள். மனுஷன் பாதையை மாற்றிக்கொண்டுவிட்டார்.

அக்கா

மார்ச் 27

தம்பிக்கு,

பத்து நாளாகக் கடிதம் இல்லை. போனையும் எடுக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று உன் அறைத் தோழன் சொல்லிவிட்டான். அந்தக் கவலை தீர்ந்தது, கோபம் மட்டும் மிச்சம்.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உன் வேலை போனாலும் போகட்டும் என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. நீ தனியாக எதையும் தடுத்து நிறுத்திவிட மாட்டாய், அதுவும் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரன் போடுவான் என்றால் போடட்டும். அவனுக்கும் ஒரு அக்கா இருந்தால் அவள் அவனுக்கு எழுதிக்கொள்வாள். நான் உனக்குத்தான் எழுத முடியும்.

அறிக்கை முப்பத்தொன்றாம் தேதி போகிறது. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அதில் எழுது: 'ஈரத்துணியைத் தூக்கும்வரை இது தயார் இல்லை.' எழுதி, கீழே உன் பெயரைப் போடு.

அக்கா