நீ போன இடங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அங்கே நீயும் அப்படியே என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் வழக்கம், இந்தத் தடவை கேள்வியாகவே கேட்கிறேன், சௌக்கியமா கண்ணு? அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. மாடிக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிட விடாமல் தானே ஸ்பானரோடு ஏறி இறங்குகிறார்.

எனக்குப் பாஸ்வேர்டு நினைவிருக்காது என்று புதுப் போனில் உன் கணக்கையே போட்டுவிட்டுப் போனாயே, அதில் வந்தது வினை. போன வாரம் அது, இந்த மாதம் நீங்கள் சென்ற இடங்கள் என்று ஒரு வரைபடம் காட்டியது. வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை லேபையும் வீட்டையும் விட்டால் நான் எங்கே போனேன்? அதுவோ, ரயில் ஏறினேன், ஆற்றங்கரையில் நடந்தேன் என்கிறது. என்னை விட்டுட்டு எங்க சுத்திட்டு வர்றே என்று அப்பா கேலி வேறு. லேபில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்தான், அக்கா, இது உங்க பொண்ணு போன இடம், அவங்க போன் குறிச்சு வைக்கிறது உங்களுக்கும் வருது என்று விளக்கினாள்.

அதோடு மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, ஒவ்வொரு நாளாகத் தள்ளிப் பார்த்தேன். ஏழு வாரமாக நீ ஆபீஸ் பக்கமே போகவில்லை, காலை ஒன்பதுக்கு நூலகம், மாலை ஐந்துக்கு வீடு. புதன்கிழமை கூப்பிட்டபோது மீட்டிங்ல இருக்கேம்மா என்றாயே, அப்போதும் நூலகம்தான். கோபம் துளிகூட இல்லை கண்ணு, இத்தனை நாள் எங்களுக்காகச் சிரித்துச் சிரித்துப் பேசினாயே என்றுதான் அழுதேன்.

இருபது வருடமாக ரிப்போர்ட்டை உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்கிறவள் நான். புருஷனே வந்து நின்றாலும் பெண்டாட்டி ரிப்போர்ட்டைக் கொடுத்ததில்லை, பெற்ற மகளுடையதைப் பிரித்துவிட்டேன். மன்னித்துக்கொள். உன் கணக்கை என் போனிலிருந்து எடுத்தாயிற்று. உன் போனிலும் அந்தக் குறிப்பை நிறுத்திவிடு, பார்க்கிறவர் எப்போதும் அம்மாவாக இருக்க மாட்டார். போனில் கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும், இன்னொரு பொய்க்கு உன்னைத் தள்ளுவேன், அதனால்தான் கடிதம். அப்பாவிடம் மூச்சு விடவில்லை, அது நீ சொல்ல வேண்டிய சேதி.

வேளைக்குச் சாப்பிடு. உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே, எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். வரத் தோன்றினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வா. உன் அறையில் கிடக்கும் சாமான்களை அப்பாவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன், எதற்கு என்று கேட்டார், ஒட்டடை அடிக்க என்று நானும் ஒரு பொய் சொல்லிவைத்தேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்