பச்சைக்குப் பக்கத்தில் ஒரு முகம்

என் செல்லத் தம்பி தேவதாசுக்கு,

நீ நான்கு பக்கம் படித்துவிட்டு மூட்டை கட்டி வைத்தாயே, அந்த இங்கிலீஷ் புத்தகத்தின் ஏழாவது பாடம் எனக்குப் புரிந்துவிட்டதடா! இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் பூசக் கற்றுத்தரும் புத்தகம். பட்டணத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்து, "நீ படிச்சுச் சொல்லுக்கா, நான் பூசறேன்" என்றாய். பள்ளிக்கூட வேலையே தலைக்கு மேல் இருக்கிறது என்று தட்டிக் கழித்தேன். அப்புறம் விஷக்காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது ஸ்டேஷன் பக்கத்து உன் ஸ்டுடியோவை, பள்ளி விட்டதும் நான்தான் திறக்கிறேன்.

அம்மையார்குப்பத்து நெசவாளர் முனுசாமி வந்தார். அவர் மகள் கல்யாணத்தில் நீ எடுத்த படத்தைக் கொண்டுவந்திருந்தார். அந்தப் பெண் போன ஐப்பசியில் பிரசவத்தில் இறந்துவிட்டாள். அவள் முகம் இந்த ஒரு படத்தில்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைக்குக் காட்ட வேண்டும், வர்ணம் பூசிக் கொடுங்கள் என்றார்.

புடவைக்கு அவர் சொன்ன பச்சையையும், முகத்துக்குப் புத்தகம் சொன்ன கலவையையும் பூசினேன். வெள்ளைக்காரத் துரைசாணி மாதிரி வந்தாள். டர்பன்டைனில் துடைத்துவிட்டுப் பழுப்பு சேர்த்தேன். மாநிறம் வந்தது. ஆனாலும் வெயிலில் நின்றவள் போல முகம் சிவந்தே தெரிந்தது. ஏழாவது பாடத்தில் காரணம் இருக்கிறது என்று தெரியும். ஆனால் அது அரைப் பக்கத்துக்கு நீளும் ஒரே வாக்கியம். அகராதியோடு எத்தனை தடவை முட்டிக்கொண்டேன் தெரியுமா?

சனிக்கிழமை முனுசாமி வந்து பார்த்தார்.

"மொகத்துல தப்பில்லீங்க. பொடவை கிளிப்பச்சை, நான் நெய்ஞ்சது. பச்சைகிட்ட எந்த நூலை வச்சாலும் செவப்பாத்தான் காட்டும். நாங்க அதுக்குத் தக்கன செவப்பைக் கொறைச்சுகினு போவோம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நீள வாக்கியம் சொல்வதும் அதையேதான்! அவரை உட்காரவைத்து, அவர் எதிரிலேயே முகத்தைத் துடைத்தேன். சிவப்பைப் பாதியாக்கி, மஞ்சளைத் துளி கூட்டினேன்.

"ஆங், இதாங்க எம் பொண்ணு" என்றார். தொடப்போனவர், ஈரம் என்று கையை இழுத்துக்கொண்டார்.

நீ கேட்ட அன்றைக்கே நான் படித்துச் சொல்லியிருந்தால்? இந்த முகத்தை நீயே உன் கையால் பூசியிருப்பாய். ஆனாலும், தெருவில் போகிறவரை நிறுத்தி இந்தச் சேதியைச் சொல்ல வேண்டும் போலத் துள்ளுகிறது மனசு. நான் என்ன செய்ய?

இன்னும் ஒன்பது பாடம் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும், நம் ஊர் முகங்களுக்கு என்ன கலவை என்று தமிழில் எழுதிவைப்பேன். முதல் பக்கத்தில் உன் பெயரைத்தான் எழுதுவேன். சத்தியமடா.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
எஸ்தர்