மாதா கெபியில் வாடாத பூ

டத்தோ கிராமாட்,
12 மே 2024

அன்புள்ள லீனா அக்காவுக்கு,

உலகத் தமிழர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு: தார் உருகுகிற இந்த வெயிலிலும் நம் வாசலில் மாதா சிலை நிற்கும் கெபியில் ஒரு பூகூட வாடவில்லை. தினமும் பூவும் தண்ணீரும் மாற்றுவது அடியேன். அம்மா என்னைப் புனிதராக்க ஃபாதரிடம் பேசுவார் போல.

அப்பா என் கைப்பேசியைப் பறித்ததால்தான் கடிதம். தேநீரில் ரப்பர் பல்லி போட்டதற்குத் தண்டனை. திருப்பிக் கேட்கவும் மனம் வரவில்லை. அவர் டிங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் படுத்திருக்கிறார், பிளேட்லெட் இறங்குகிறது.

காலநிலை கெட்டால் நோய் வரும், நோய் வந்தால் ஊரே மாறும். பள்ளிக்கு நான் எழுதிய சரித்திர ஒப்படைப்பே அதுதானே. வெயில், திடீர் மழை, கொசு. யார் வீட்டுக் கொசு என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டு இஸ்மாயில் மாமா வாசல் முழுக்கப் பூந்தொட்டி. நான் எட்டிப் பார்த்ததும் ஒரு வாளியை மறைத்தார். "என்னடா நோட்டம் விடுறே?" என்றார். சுகாதார இலாகாவுக்குப் புகார் போட்டாயிற்று.

இப்படிக்கு,
துப்பறியும் கிளிஃபர்ட்


ஈப்போ,
17 மே

டேய் தம்பி,

அப்பா நேற்றுக் கொஞ்சம் கஞ்சி குடித்தாராம். கொண்டுபோனது இஸ்மாயில் மாமா என்று அம்மா சொன்னார். அதை ஏன் நீ எழுதவில்லை?

ஒப்படைப்பை உனக்குத் திருத்திக் கொடுத்தவள் நான். ஐரோப்பாவில் குளிர் நீண்டு, பயிர் அழிந்து, நோய் பரவிய காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணையே சூனியக்காரி என்று எரித்தார்கள் என எழுதியிருந்தாய். எழுதியதைப் படித்தாயா?

இன்னொன்று. என் விடுதி ரோஜா மதியத்துக்குள் தலை தொங்கிவிடுகிறது. பள்ளிக்கே எழும்பாத நீ தினமும் பூ மாற்றுகிறாயா? அது என்ன பூடா?

லீனா


டத்தோ கிராமாட்,
20 மே

அக்கா,

பூவைச் சந்தேகிப்பது மாதாவைச் சந்தேகிப்பதாகும். கஞ்சியெல்லாம் குற்ற உணர்ச்சிலா. நாளை அதிகாரிகள் வருகிறார்கள். நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கப்போகிறேன்.

துப்பறியும் கிளிஃபர்ட்


டத்தோ கிராமாட்,
22 மே

அன்புள்ள அக்கா,

மாமா வீட்டில் ஒரு புழுகூட இல்லை. வாளியில் இருந்தது மீன். கொசுப்புழு தின்ன வளர்க்கிறாராம். நான் சவர்க்காரத்தூள் கொட்டிவிடுவேன் என்று பயந்து மறைத்தாராம். பயம் நியாயம்தான்.

பிறகு அதிகாரி நம் கெபிப் பூச்சாடியில் விளக்கு அடித்தார். புழு நெளிந்தது. பூ பிளாஸ்டிக், அக்கா. நிஜம்போல் இருக்கட்டும் என்று ஒருநாள் தண்ணீர் ஊற்றினேன். அப்புறம் மாற்றவே இல்லை.

புகார் போட்டது நான்தான் என்று மாமாவிடம் சொன்னேன். "தெரியும்லா. இந்தத் தெருவுல வேற யாருக்குடா வேலை இல்ல? சாடியைத் தேய்" என்றார். தேய்த்தேன். மாலையில் வழக்கம்போல் கஞ்சித் தூக்கோடு மருத்துவமனைக்குக் கிளம்பினார். தூக்கை நான் சுமந்தேன்.

அப்பாவுக்குப் பிளேட்லெட் ஏறுகிறது. சாடிப் புழுவைப் பற்றி அவரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை நீ வருவாயாமே. சொல்லும்போது பக்கத்தில் நில்.

வெறும் கிளிஃபர்ட்