பதினேழு மேற்கோள்

9.8.74, குமுளி

எங்கள் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத் தலைவர் தன் செடிநோய்க் கட்டுரையைப் பதினேழு பேர் மேற்கோள் காட்டியிருப்பதாக இன்றும் பீற்றிக்கொண்டார். எடுத்துப் பார்த்தேன். பதினாறு இடங்களில் தன்னைத்தானே காட்டிக்கொண்டிருக்கிறார், வெட்கங்கெட்ட மனுஷன். மிச்சம் ஒன்று ஒரு வெளிநாட்டுக்காரன் எழுதியது: கட்டுரையில் சொன்ன அதே மருந்தை அடித்தும் அவன் செடிகள் பிழைக்கவில்லையாம்.

எப்படிப் பிழைக்கும்? எங்கள் சோதனைப் பாத்தியில் வேலை செய்த பேச்சியம்மாளைச் சாயங்காலம் கேட்டேன்.

"அந்தச் செடியெல்லாம் அப்பவே பட்டுப்போச்சுய்யா. எடம் காலியா கெடந்தா கங்காணி ஏசுவாரேன்னு புது நாத்து வச்சிட்டோம்" என்றாள். தோட்டத்து வழக்கம் அது. அவளைக் குறை சொல்ல முடியாது.

ஜீப்பை விட்டு இறங்காமலே 'நோய் குணமாகும்' என்று எழுதிய மேதை அவர். பாத்திக்குள் இறங்கி எண்ணி, 'எல்லாம் உயிரோடிருக்கிறது' என்று எழுதிக் கொடுத்த மேதை நான். கட்டுரையில் அவர் பெயருக்கு அடுத்து இருப்பது என் பெயர். பதினேழு இடத்திலும்.