உப்பு இரத்தக்காரர்

12.3.1979, திங்கள்

சித்திரை விடுமுறையில் சுற்றுலா. தெற்கே சிங்கராசக் காடு. மலை, மழை, அரசாங்கம் காவல் போட்டுப் பாதுகாக்கிற காடு. கூட்டிப்போகிறவர் எங்கள் விஞ்ஞான வாத்தியார் பரராசசிங்கம் சேர். மாணவர் தலைவன் குலசிங்கம். ஆக, சிங்கராசனைப் பார்க்க இரண்டு சிங்கங்கள் போகின்றன. இதை வகுப்பில் மெதுவாகத்தான் சொன்னேன். முழு வகுப்பும் சிரித்தது. நான் முழங்காலில் நின்றேன். அவ்வளவு சிரிப்புக்கு இந்த விலை மலிவு.

எங்கள் தீவில், இந்தப் புளியங்கூடலில், ஆக உயரமானது பனை. அதிலும் பெட்டையள் ஏறக்கூடாது. ஒரு மலை உச்சியில் நின்று கீழே பார்க்கவேண்டும். ஒரேயொரு தரம்.

20.3

பெண் பிள்ளைகள் காட்டோரத்து விடுதிவரை வரலாமாம். உச்சிக்குப் பெடியள் மட்டுமாம். நாங்கள் விடுதியில் நின்று சமைக்கவேண்டுமாம்.

“ஏன் சேர்?”

“வழுக்கும்.”

“பெடியளுக்கு வழுக்காதோ சேர்?”

மறுபடி முழங்கால்.

“விடடி சௌந்தரம், விடுதிவரைக்கும் எண்டாலும் போறம்தானே” என்கிறாள் கமலாதேவி. விடமாட்டேன். புட்டு அவிக்கிறதுக்கு ரயிலேறிப் போக எனக்கென்ன விசரோ? குசினி வீட்டிலேயே கிடக்கு!

22.3

குலசிங்கத்துக்கு அட்டைப் பயம். மழைக்காட்டில் காலில் ஏறி இரத்தம் குடிக்குமே, அந்த அட்டை. ஊர்காவற்றுறையில் பஸ்ஸுக்கு நின்றபோது, முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னேன்:

“உமக்கென்ன பயம்? தீவாருக்கு அட்டை கடிக்காது. பிறந்ததிலை இருந்து உவர்த் தண்ணிதானே குடிக்கிறம். இரத்தம் முழுக்க உப்பு. வாய் வைச்ச அட்டை துப்பிப்போட்டு ஓடும்.”

“மெய்யோ?”

“ஓம். கொழும்பிலை டொக்டராய் இருக்கிற என்ரை பெரியப்பா சொன்னவர்.”

எனக்குக் கொழும்பில் பெரியப்பாவே இல்லை.

2.4

ஐயோ! குலசிங்கம் கொண்டுபோய்ச் சொன்ன அதே கதையை இன்று பரராசசிங்கம் சேர் கரும்பலகையில் படம் கீறி விளக்கினார். ஒரு கால், ஒரு அட்டை, ஒரு அம்புக்குறி. சிரிக்காமல் இருக்கக் கமலாதேவி என்னைக் கிள்ளியதில் கண்ணீரே வந்துவிட்டது. இல்லாத பெரியப்பா இப்போது விஞ்ஞானி.

18.4

விடுதி. மழை. தண்ணீர் இலையில் வழிகிறது, பாறையில் வழிகிறது, கூரையில் வழிகிறது. எல்லாம் நல்ல தண்ணீர். குடத்தோடு ஒருவரும் காத்து நிற்கவில்லை. அம்மா நல்ல தண்ணீருக்காக வயல் கடந்து நடப்பது நினைவு வந்து, கண்ட வாளியையெல்லாம் நிரப்பி வைத்தேன். விடுதிக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும்.

பின்னேரம் காட்டுக் காவலர் வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதை, பெட்டையளுக்குத் துணையாக வந்த இலட்சுமிப்பிள்ளை ரீச்சர் தமிழில் சொன்னா: ஒரு இலைகூடப் பிடுங்கக்கூடாது. அவர் இல்லாமல் உள்ளே போகக்கூடாது. அட்டை கடிக்காமல் காலில் சவர்க்காரம் பூசி, துணியில் உப்புக் கட்டிக் கொண்டுபோகவேண்டும்.

சேர் கையை வீசினார். “எங்களுக்கு உப்புத் தேவையில்லை எண்டு சொல்லுங்கோ ரீச்சர். நாங்கள் தீவார்.”

சமையலுக்கு அம்மா கட்டித்தந்த கல்லுப்புப் பை என் மடியில்தான் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வழுக்காத கால்களை அட்டையும் பார்க்கட்டும்.

19.4

போன சிங்கங்கள் பாதி வழியில் திரும்பி வந்தன, நனைந்த பூனைகளாக. குலசிங்கத்தின் வெள்ளைக் காற்சட்டை சிவந்துபோயிருந்தது. சேர் சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே அட்டைகள் குடித்துக் கொழுத்து உருண்டு கிடந்தன. நானும் ரீச்சரும் உப்பைத் தேய்த்துத் தேய்த்து உதிர்த்தோம். காவலர் முற்றத்தில் நின்று பீடி குடித்தார். அவருடைய காலில் ஒரு கடியும் இல்லை.

“இந்த உப்பு இரத்தக் கதையை ஆர் கட்டினது?” என்று சேர் கேட்டார்.

குலசிங்கம் என் பக்கம் கை நீட்டினான். அழுது வீங்கின முகம். அதைப் பார்க்கக் கொஞ்சம் பாவமாய்த்தான் இருந்தது. கொஞ்சம்தான்.

“நான்தான் சேர்” என்றேன். “குலசிங்கம் நம்பினது சரி. நீங்கள் ஏன் சேர் நம்பினனீங்கள்?”

சேர் சப்பாத்தை நிலத்தில் அடித்தார்.

“நாளைக்கு நீர் இந்த வாசல்படி தாண்டக்கூடாது” என்றார்.

நாளை மத்தியானம் பஸ். அதோடு எல்லாம் முடிந்தது. ஏன்தான் வாயைத் திறந்தேன்? இல்லை, திறந்தது சரிதான். நூறு தரம் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்.

20.4

விடிய எழும்பிப் பார்த்தால் இலட்சுமிப்பிள்ளை ரீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்கிறா! “உச்சி பாக்காமல் போய்ப் பள்ளிக்கூட அதிபரிட்டை என்னத்தைச் சொல்லுறது? பெட்டையளை நான் கூட்டிக்கொண்டு போறன்.”

கதிரையில் இருந்த சேர் தன் கால்கட்டுகளைத் தடவினார். “சௌந்தரநாயகி நிக்கட்டும்” என்றார் கடைசியில்.

ரீச்சர் உப்புப் பைக்குக் கை நீட்டினா. நான் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் இருந்தேன்.

“தாரும் பிள்ளை.”

“ஏலாது ரீச்சர். இது என்ரை வீட்டு உப்பு. உப்பு போறதெண்டால் நானும் போவன். நான் நிண்டால் உப்பும் நிக்கும்.”

எங்களைக் கூட்டிப்போக வந்து நின்ற காவலருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் விளங்கியிருக்கவேண்டும். பெரிதாகச் சிரித்தார். சேர் என்னைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார்.

“போய்த் துலையும்.”

போனேன். வழுக்கியது. இரண்டு தரம் விழுந்தேன், மூன்றாம் தரம் ரீச்சரும் நானும் சேர்ந்து விழுந்தோம். உச்சியில் வெறும் வெள்ளை. முகில். கமலாதேவி, “இதைப் பாக்கவோடி இவ்வளவு பாடு?” என்றாள். பிறகு காற்று முகிலை ஒருதரம் கிழித்தது. கீழே பச்சை, அதற்கும் கீழே பச்சை. பனையைவிட எத்தனையோ மடங்கு உயரமான மரங்கள் என் காலுக்குக் கீழே, புல் மாதிரி! கடலைத் தேடினேன். காணவில்லை. அதற்காக எனக்குக் கவலை வரவுமில்லை.

இறங்கும்போது என் குதிக்காலில் ஒரு அட்டை. உப்புப் பூசினதையும் தாண்டி ஏறிவிட்டது. சேரிடம் சொல்லமாட்டேன்.

15.5

குதிக்கால் இன்னும் கடிக்கிறது. சொறிகிறேன், சிரிக்கிறேன்.

பரராசசிங்கம் சேர் வகுப்புக்கு வந்தார். அடுத்த வருடம் நக்கிள்ஸ் மலையாம். பெடியள், பெட்டையள் என்று ஒன்றும் பிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு, நாங்கள் இருந்த வாங்குப் பக்கம் பார்த்துக் கேட்டார்: “உப்பு ஆர் கொண்டுவாறது?”

நான் எழும்பினேன். “அதைப் பெடியள் சுமக்கட்டும் சேர். நாங்கள் முன்னாலை நடக்கிறம்.”

முழங்காலில் நிற்கத் தயாராய்த்தான் இருந்தேன். சேர் பெடியள் பக்கம் திரும்பினார்.

பின்வரிசை வாங்கில் குலசிங்கம் கை தூக்கினான்.