கண்ணாடி மறைத்த பின்சீட்டு

என் ஆசை அத்தான்,

நீங்கள் போய் நாலு மாதமாகிறது. அக்கா சாப்பிடுகிறா, பேசுகிறா. நீங்கள் ஓட்டின வெல்லாவெளி பஸ்ஸை இப்போது ஒரு சின்னப் பொடியன் ஓட்டுகிறான். உங்கள் வாசலைக் கடக்கும்போது ஒரு முறை ஹோர்ன் அடிப்பான். அக்கா கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பா. பஸ் போனதும் உள்ளே போவா.

நான்தான் உங்களை நிமிர்ந்து பார்க்க முடியாமல் திரிகிறேன். சுவரில் உங்கள் படம் இருக்கிற பக்கம் உட்காருவதே இல்லை. எல்லாம் அந்தக் காரால் வந்த வினை.

கொழும்பில் பழைய சாமான் கடையில் அந்தப் பெட்டியைக் கண்டுபிடித்து, பிள்ளையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தீர்களே, ஞாபகமா? மூலை பிய்ந்த மட்டைப்பெட்டி, மேலே நீள மூக்குக் கறுப்புக் காரின் படம். சீமான்கள் ஏறுகிற கார். உள்ளே, அதைச் சின்னதாக ஒட்டிச் செய்ய நகத்தளவு பிளாஸ்டிக் துண்டுகள். “பஸ் ஓட்டுற கைக்கு இது என்னத்துக்கு அத்தான்?” என்று கேட்டேன். “உங்கட அக்காவ நான் கல்யாணத்தண்டு சைக்கிள் பார்லதான்டா ஏத்தி வந்தன். பேசி வச்ச கார் ரோட்டு மூடி வரல்ல. அதுக்குத்தான் இது” என்றீர்கள்.

பின்சீட்டை நீங்கள் செய்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அக்காவின் கல்யாணக் கூறைச் சீலையில், உள்மடிப்பில், இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, சரிகைக் கரை நடுவில் வருகிற மாதிரி ஒட்டினீர்கள். அக்கா கூறையைக் காயப்போட எடுத்தபோது ஊரே கேட்கக் கத்தினா. “அறுவான் எலி! வேற சீலையே கிடைக்கல்லையா இதுக்கு!” நீங்கள் எலிப்பொறி வாங்கிக் கொண்டுவந்து வைத்தீர்கள். என்ன நடிப்பு அத்தான்! கார் முடியட்டும், கதவைத் திறந்து காட்டுவோம், அப்போது அவள் முகத்தைப் பார் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தீர்கள்.

கண்ணாடியும் அடித்தட்டும் நாலு சக்கரச் சில்லுகளும்தான் பாக்கி. அதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டீர்கள்.

முப்பத்தோராம் நாள் படையலுக்கு உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும் என்று அக்கா சொன்னா. இறால் பொரியல், பிட்டு, வெற்றிலை, அந்தக் காரும். “நீதானே மனே அவரோட இருந்து பாத்த நீ. முடிச்சுத் தா” என்றா. நானும் பெரிய கெட்டிக்காரன் போல ஓம் என்றேன். கடை, வேலை என்று நாளைக் கடத்தி, கடைசி இரண்டு நாளில்தான் பெட்டியைத் திறந்தேன். உங்கள் வெள்ளைப் பசை காய்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. சுப்பர் குளூவை எடுத்தேன். “கண்ணாடிக்குக் கிட்டயும் அதக் கொண்டு போயிராத” என்று நீங்கள் சொன்னது மறந்துவிட்டது என்று எழுதினால் பொய். ஞாபகம் இருந்தது அத்தான். ஒரு சொட்டுத்தானே, என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கதவுகளையும் அடித்தட்டையும் ஆடாமல் இருக்கட்டும் என்று அதே பசையால் ஒட்டினேன். வாவிக் காற்றின் ஈரம் படக்கூடாது என்று பிஸ்கட் தகரத்துக்குள் வைத்து மூடியும் விட்டேன்.

திறந்து பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புகை படிந்திருந்தது. துடைத்தேன், போகவில்லை. பசையின் ஆவி வெளியேற வழியில்லாமல் உள்பக்கமும் படிந்துவிட்டது. திறக்கக் கதவும் இல்லை.

படையலில் வைத்தேன். எல்லாரும் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். அக்கா குனிந்து கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தா. “என்ன மனே, உள்ளுக்கு ஒண்டும் தெரியுதில்ல?”

அத்தனை பேர் முன்னால் என் வாய் சொன்னதைக் கேளுங்கள். “அது அப்பிடித்தான் அக்கா. பெரிய ஆக்கள்ர கார் உள்ளுக்குத் தெரியாது. அத்தான் அப்பிடித்தான் போடச் சொன்னவர்.”

பெரியப்பா வேறு, “ஓம் ஓம், மந்திரிமார்ர காரும் அப்பிடித்தான்” என்று தலையாட்டினார். சீ! அந்த இடத்திலேயே நான் செத்திருக்கலாம்.

இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் அக்கா என் பொய்யைத்தான் சொல்லிக் காட்டுகிறா. “பாருங்க, கண்ணாடிய எவ்வளவு நுணுக்கமாப் போடச் சொல்லிரிக்கார்.” தினமும் முந்தானையால் அந்தப் புகையைத் துடைக்கிறா. உங்கள் பெயரைச் சொல்லி நான் செய்த நாசத்துக்கு உங்களுக்குப் பாராட்டு. வெட்கம் என்றால் என்ன என்று இந்த வயதில் படிக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை கூறையை வெயிலில் போட்டா. வெட்டுப்பட்ட இடத்தைத் தடவிக்கொண்டே, “அவர் இரிக்கக்குள்ள அந்த எலியப் பிடிக்க ஏலாமப் போயிற்றே” என்று அழுதா. நான் பக்கத்தில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எப்படி அத்தான் வாய் திறப்பேன்? திறந்தால் அவ என்னை என்ன கேட்பா?

என்ன கேட்டாலும் கேட்கட்டும். இதோ சொல்கிறேன், உங்கள் மேல் ஆணை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் அறுக்கிற உங்கள் சின்ன வாளோடு போகிறேன். அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, காரைக் கவிழ்த்து, அடித்தட்டை அறுத்து எடுப்பேன். உடைந்தால் உடையட்டும். அந்தப் பின்சீட்டை எடுத்து அவ உள்ளங்கையில் வைத்துச் சொல்வேன்: கூறையை வெட்டினது எலி இல்ல அக்கா, அத்தான். கண்ணாடிய மறைச்சது அத்தான் இல்ல, நான்.

உங்கள் அவசரக்குடுக்கை மச்சான்,
குகன்