தொட்டில் கொக்கியில் தொங்கிய கப்பல்

இன்று காலை கொல்லையில் ஆசாரி வஜ்ஜிரம் காய்ச்சினார். தொட்டிலின் ஒரு சட்டம் ஆடுகிறது, ஒட்டித் தர வேண்டும் என்று வரச் சொல்லியிருந்தோம். அந்த நாற்றம் சமையலுள்ளுக்குள் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை வேறு எப்படி மணக்கும்? மற்றவர்களுக்கு அது நாற்றம். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் யாரும் அதைக் காய்ச்சவில்லை.

அப்போதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீங்கள் வாசித்துப் பழகியதுதானே.

உங்கள் பேத்தி வந்துவிட்டாள். மருமகளின் பிறந்த வீடான நாகர்கோவிலிலிருந்து மூன்றாம் மாதத்தில் கொண்டுவந்து விட்டார்கள். உங்கள் மூக்கு, உங்கள் பிடிவாதம். இந்தத் தெருவில் இப்படி ஒரு குழந்தை பிறந்ததில்லை. பெருமையடிக்கிறாள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்குத் தொட்டில் கட்ட வேண்டும். கூடத்து உத்தரத்தில் இருப்பதோ ஒரே கொக்கி. அதில் உங்கள் கப்பல் தொங்குகிறது.

இந்த ஸ்ரீவராகத்து வீடு முன்வாசலிலிருந்து கொல்லை வரை நீளமாக ஓடுமே தவிர, அகலம் என்று ஒன்று கிடையாது. இதற்குள் நீங்கள் மராமத்துக் கச்சேரியில் பாலத்துக்கும் மதகுக்கும் படம் வரைந்துவிட்டு வந்து, அதே அளவுகோலை வைத்துக்கொண்டு வள்ளமும் தோணியுமாகச் செய்து தள்ளினீர்கள். அடிக்கு அரை அங்குலம். ஒன்று முடிந்ததும் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுது. இனி உன் பாடு" என்பீர்கள். கட்டுவது உங்கள் வேலை, இடம் தேடுவது என் வேலை. ரேழிக் கதவின் மேலே, பீரோவின் தலையில், ஜன்னல் விளிம்பில் என்று எங்கே எத்தனை சாண் காலி என்பது எனக்கு மனப்பாடம்.

நான் கண்டுபிடித்த இடங்களில் பாதியை உங்கள் அம்மா விடவில்லை. வஜ்ஜிரம்தான் காரணம்.

"தோலைக் காய்ச்சி ஒட்டினதைச் சுவாமி உள்ளே வெக்கப்படாது. சமையலுள்ளேயும் படாது. இலை போடற எடத்திலேயும் படாது."

"அப்போ எங்கேதாம்மா வெக்கறது?" என்றீர்கள்.

"கடல்லே வை. கப்பல்தானேடா."

அந்த ரோஷத்தில் ஒரு வள்ளம் முழுவதையும் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டினீர்கள். சுத்தமான பசை என்று சமையலுள் பரணில் இடம் கிடைத்தது. இடவப்பாதி மழை முடிந்து ஏறிப் பார்த்தால் பலகை பலகையாகக் கிடந்தது. பசையைப் பூராவும் பாச்சை தின்றிருந்தது. "பாச்சைக்கு நைவேத்தியம் பண்ணியாச்சு" என்று உங்கள் அம்மா ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மறுபடியும் வஜ்ஜிரத்துக்கே போனீர்கள்.

பெரிய கப்பல் அதற்குப் பிறகு வந்தது. வலியதுறையில் நங்கூரம் போட்டிருந்த பத்தேமாரியை ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துப் பார்த்துச் செய்த பாய்மரக் கப்பல். மூன்று முழத்துக்குச் சற்றுக் குறைவு. வழக்கம்போல "இனி உன் பாடு" என்று என்னிடம் சொல்லவில்லை. நீங்களே ஏணி போட்டு ஏறித் தொட்டில் கொக்கியில் மாட்டினீர்கள்.

நம் பிள்ளைக்குப் பிறகு பிறந்த பெண் மூன்று மாதம் அந்தக் கொக்கியில் ஆடிவிட்டுப் போய்விட்டாள். அதன் பிறகு, கொக்கி கண்ணில் பட்டுவிடும் என்று நான் கூடத்தில் நிமிர்ந்து நடந்ததில்லை. வேறு இடமில்லை என்று சொல்லித்தான் மாட்டினீர்கள். நானும் ஆமாம், இடமில்லை என்றேன்.

மாட்டினதும் கப்பல் மூக்கைக் கீழே குத்திக்கொண்டு நின்றது. நீங்கள் கயிற்றை மாற்றி மாற்றிக் கட்டினீர்கள். "ஏன்னா, மூக்கு கனக்கறது. பின்னாலே கனமா ஏதாவது போடுங்கோ" என்றேன். சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஓர் ஈயக்கட்டி வாங்கி வந்து, பின்தட்டில் இருந்த மூடியைத் திறந்து உள்ளே வைத்தீர்கள். கப்பல் நேராக நின்றது. அன்றிலிருந்து எனக்கு "அஞ்சாங்கிளாஸ் இஞ்சினியர்" என்று பட்டம். விருந்தாளிகள் முன்னாலும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். நானும் திரும்பிப் பார்த்தேன்.

அதன் அடிப்பக்கத்துக்குத்தான் எத்தனை நாள் எடுத்துக்கொண்டீர்கள். பலகைக்குப் பலகை கோடு இழுத்து, எண்ணெய் போட்டு, தேய்த்து. "அடியை யார் பார்க்கப் போறா? பல்லியா?" என்று கேட்டேன். "தொங்கற கப்பலுக்கு அடிதான்டி மூஞ்சி" என்றீர்கள்.

கொக்கி நிறைந்த பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் நெல் பத்தாயம் காலியாகக் கிடந்தபோது, இடம் கிடைத்ததென்று வள்ளங்களை அதற்குள் அடுக்கினேன். சோற்றுக்குப் பதிலாக மரச்சீனிக்கிழங்கை இலையில் வைத்துக்கொண்டே, "பத்தாயத்திலே இத்தனை நிக்கறதே, ஒண்ணாவது பர்மாவுக்குப் போய் அரிசி கொண்டு வரப்படாதோ" என்றேன். உங்களுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. நாம் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன். பத்தாயத்தில் மறுபடியும் நெல் விழுந்தபோது, வள்ளங்களை ஒவ்வொன்றாக மச்சில் ஏற்றினது நான் மட்டும்தான்.

இப்போது மச்சும் நிறைந்துவிட்டது. நேற்று நம் பிள்ளை சொன்னான்:

"அப்பா கப்பலைச் சாலையிலே கயித்துக்கடைக்காரர் கேக்கறார்ம்மா. கண்ணாடிப் பெட்டி பண்ணிக் கடையிலே வெப்பாராம். நாளைக்குச் சாயங்காலம் ஆள் அனுப்பறார். நூறு பேர் பார்ப்பா."

"ஆத்திலே இருக்கறவா பார்த்தா போறாதோ?"

"விழுந்துடுத்துன்னா?"

"இத்தனை வருஷமா விழலையே."

"இத்தனை வருஷமா கீழே கொழந்தை இல்லேம்மா."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனுக்கு ஒரு தங்கை இருந்தது நினைவிருக்க நியாயமில்லை. இன்று காலை அடுப்பை மருமகளிடம் விட்டுவிட்டு, சுவர் சுவராகச் சாண் போட்டுக்கொண்டே நடந்தேன். ரேழி, மச்சுப்படி, சுவாமி உள், மறுபடியும் ரேழி. "அம்மா, சித்தே உக்காருங்கோளேன், எனக்குத் தலை சுத்தறது" என்றாள் மருமகள். உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். மூன்று முழம் இந்த வீட்டில் எங்கும் இல்லை.

அதற்குள் குழந்தை வீல் வீல் என்று அழ ஆரம்பித்தது. கூடத்தில் பாயைப் போட்டுக் கிடத்தினேன். சட்டென்று அழுகை நின்றது. என்ன ஆயிற்றோ என்று பதறிக் குனிந்தேன். ஒன்றுமில்லை. கண்ணைக் கொட்டாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றில் கப்பல் லேசாகத் திரும்பியது. அவள் கண்ணும் கூடவே திரும்பியது. அவள் பார்த்தது அடியைத்தான்.

பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு இறக்கச் சொன்னேன். பின்தட்டு மூடியைத் திறந்து ஈயக்கட்டியை எடுத்தேன். கப்பல் சுரைக்குடுக்கை மாதிரி லேசாகிவிட்டது. ஒற்றைக் கொக்கியில் தொங்கினால்தான் அதற்கு ஈயம் வேண்டும். முன்னால் ஓர் உறி, பின்னால் ஓர் உறி என்று உத்தரத்திலேயே கட்டிவிட்டால் கொக்கியும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். மோர்ப்பானை தொங்கிய உங்கள் அம்மாவின் மடி உறிகளை எடுத்துக்கொண்டேன். வஜ்ஜிரம் ஒட்டின கப்பல் அதில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே என்னைத் திட்டினால் நீங்கள்தான் சமாதானம் சொல்ல வேண்டும். தொட்டிலுக்கு நேர் மேலே இல்லாமல், கால்மாட்டைத் தாண்டித் தள்ளிக் கட்டச் சொன்னேன். அறுந்தாலும் தரையில் விழும், படுத்திருப்பவளுக்கோ நன்றாகத் தெரியும்.

"ஆனையைக் கெட்டினாலும் நிக்கும் அம்மா, இது மதி, போதும்" என்றார் ஆசாரி, நான் இன்னொரு முடிச்சு கேட்டபோது.

நம் பிள்ளை கச்சேரி வேலை முடிந்து வந்தான். உறிக்கயிற்றைப் பிடித்து, போட்ட கோட்டோடு தொங்கிப் பார்த்தான். இறங்கி, என்னைப் பார்த்து, "அஞ்சாங்கிளாஸ் இஞ்சினியர்" என்றான். கயிற்றுக்கடை ஆள் வந்தபோது வாசலிலேயே வெற்றிலை கொடுத்து அனுப்பிவிட்டான்.

இப்போது கொக்கியில் தொட்டில் ஆடுகிறது. உள்ளே அவள் தூங்குகிறாள். நான் போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பார்க்கிறேன். மூச்சு வருகிறதா என்றும் குனிந்து பார்க்கிறேன். மருமகள் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கிறாள்.

ஈயக்கட்டியை மடியில் முடிந்து வைத்திருக்கிறேன். நடந்தால் இடுப்பில் தட்டுகிறது. இந்த மூன்றாம் மாதம் தாண்டட்டும், எங்காவது வைத்துவிடுகிறேன். இடம் பார்க்கிறது என் பாடுதானே.